போட்டோ ஏறவில்லை என்று ரீசெட் போட்டுவிடாதீர்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, வீடு பாலக்கோடு பக்கம். கையில் இருப்பது ரெட்மி போன். பொங்கலுக்குப் பிறகு கூகுள் போட்டோஸில் படங்கள் சரியாக ஏறவில்லை. ஓசூர் ரூமில் இருக்கும்போது 'வெயிட்டிங் ஃபார் வைஃபை' என்று காட்டுகிறது. ஊருக்குப் போனால் 'பேக்கப் கம்ப்ளீட்' என்கிறது. ஆனால் மனைவி அனுப்பிய குழந்தையின் காதுகுத்துப் படங்களைக் கம்ப்யூட்டரில் தேடினால் காணோம். போனில் இடமும் நிறைந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதுசு வாங்கப் போகிறார். கடையில், "ரீசெட் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார்களாம். "போடலாமா அண்ணா?" என்று கேட்கிறார்.

போடாதீர்கள் தம்பி. ரீசெட் என்றால் போனில் இருப்பதை எல்லாம் அழித்துப் புதுசு மாதிரி ஆக்குவது. அதைப் போட்டால் அழியப்போவது கிளவுட்டில், அதாவது கூகுளின் கம்ப்யூட்டர்களில், ஏறாமல் போனிலேயே தங்கிவிட்ட படங்கள்தான், அதாவது நீங்கள் எவற்றைக் காப்பாற்றப் பார்க்கிறீர்களோ அவையே. கடைக்காரருக்கு அது ஐந்து நிமிட வேலை. போனது போனதுதான்.

இந்தப் பிரச்சினையில் கிளவுட் கெட்டுப்போயிருப்பது அபூர்வம். போன் ஏதோ ஓர் இடத்தில் 'அனுப்பாதே' என்ற உத்தரவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதையும் பெரும்பாலும் நாமே எப்போதோ அவசரத்தில் அழுத்தியிருப்போம். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் ஒரு சோதனை. போட்டோஸ் ஆப்பைத் திறந்து, ஏறாத படம் ஒன்றைத் தொட்டு, மேலே இருக்கும் மூன்று புள்ளியை அழுத்துங்கள். 'பேக் அப் நவ்' என்று இருக்கும். அதைத் தட்டிவிட்டு ஆப்பை மூடாமல் திரையைப் பாருங்கள். அந்த ஒரு படம் ஏறிவிட்டால் அக்கவுன்ட், இணைப்பு, இடம் மூன்றும் சரி. ஆப்பை மூடிய பிறகு போன் அதை ஓடவிடுவதில்லை என்று அர்த்தம். ஏறாவிட்டால் காரணத்தை அங்கேயே ஒரு வரியில் சொல்லும்: இடம் இல்லை, வைஃபை இல்லை, இப்படி. அந்த வரியைப் படிக்காமல் நேராக ஆப்பை அன்இன்ஸ்டால் செய்பவர்கள்தான் அதிகம்.

இப்போது உங்களுடைய 'வெயிட்டிங் ஃபார் வைஃபை'. ரூமில் நண்பருடைய ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்டுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கண்ணுக்கு அது வைஃபை. ஆண்ட்ராய்டு அப்படி எடுத்துக்கொள்வதில்லை. இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட் என்று தெரிந்தால் பல நேரம் அதை 'மீட்டர்டு' இணைப்பு, அதாவது அளந்து செலவழிக்க வேண்டிய டேட்டா, என்று குறித்துக்கொள்ளும். போட்டோஸும் அதை மொபைல் டேட்டா மாதிரியே நடத்தி, நிஜ வைஃபை வரட்டும் என்று காத்திருக்கும். வைஃபை செட்டிங்ஸில் அந்த இணைப்பின் பெயரைத் தொட்டுப் பாருங்கள், 'மீட்டர்டு' என்று ஒரு வரி இருக்கும். அதை 'அன்மீட்டர்டு' என்று மாற்றலாம். மாற்றுவதற்கு முன் நண்பரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவருடைய அன்றைய டேட்டாதான் கரையப்போகிறது.

சொந்த மொபைல் டேட்டாவிலேயே ஏற்றலாம் என்றால், போட்டோஸில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், பேக்கப், மொபைல் டேட்டா யூஸேஜ் என்று போங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அங்கே அளவு வைக்கலாம். 5 எம்பி என்று வைத்திருந்தால் நாளுக்கு ஒரு படம் ஏறும், அவ்வளவுதான். வீடியோவுக்குத் தனி ஸ்விட்ச் உண்டு. அதற்குப் பக்கத்திலேயே ரோமிங்குக்கும் ஒன்று இருக்கும். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது தேவைப்படாது. ஓசூர்க்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி பக்கம் இருந்தால் போன் சில நேரம் தமிழ்நாட்டு டவரை விட்டுவிட்டுக் கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்ளும். வீட்டை விட்டு நகரவே இல்லை, ஆனால் கர்நாடகாவுக்கு வரவேற்கிறோம் என்று எஸ்எம்எஸ் வந்து நிற்கும். வேப்பனப்பள்ளி பக்கம் இருப்பவர்களுக்கு ஆந்திரா டவரோடு இதே கதை. அந்த நேரத்தில் சில போன்கள் தங்களை ரோமிங்கில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும், சிக்னல் பக்கத்தில் சின்னதாக R என்று தெரியும். ரோமிங் ஸ்விட்ச் அணைந்திருந்தால் பேக்கப் அங்கேயே நின்றுவிடும். பகலில் கம்பெனியில் ஏறுகிறது, ராத்திரி ரூமில் ஏறுவதில்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் அந்த R இருக்கிறதா என்று பாருங்கள். உள்நாட்டு ரோமிங்குக்கு உங்கள் பேக்கில் தனிக் கட்டணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அந்த ஸ்விட்சைப் போட்டுவிடலாம்.

அடுத்தது ஊரில் வரும் 'பேக்கப் கம்ப்ளீட்'. இது பொய் சொல்லவில்லை. தன்னிடம் ஒப்படைத்த ஃபோல்டரை முடித்துவிட்டேன் என்கிறது. போட்டோஸ் தானாக எடுப்பது கேமரா ஃபோல்டரை மட்டும்தான். வாட்ஸ்அப்பில் வந்தவை, ஸ்கிரீன்ஷாட், டவுன்லோடு எல்லாம் தனித்தனி ஃபோல்டர்கள். பேக்கப் பக்கத்தில் 'பேக் அப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்தில் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டால்தான் ஏறும். காதுகுத்துப் படங்கள் மனைவி வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. கேமரா ஃபோல்டரில் அவை இல்லவே இல்லை.

ஆனாலும் வாட்ஸ்அப் இமேஜஸ் ஃபோல்டரை மொத்தமாகத் திறந்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொந்தக்காரர்கள் குரூப்பில் விடியற்காலை வந்து விழும் குட்மார்னிங் ரோஜாவிலிருந்து தேர்தல் மீம் வரை அத்தனையும் ஏறி இருக்கிற இடத்தை அடைத்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. வாட்ஸ்அப் படத்தை அப்படியே அனுப்புவதில்லை, சுருக்கித்தான் அனுப்புகிறது. 2023இல் எச்டி என்ற தேர்வு வந்தது, அதை அழுத்தி அனுப்புகிறவர் யார்? எந்தத் தேதியில் எடுத்தது என்ற விவரமும் வழியில் உதிர்ந்துவிடும். மாசியில் எடுத்த படத்தை ஆனியில் அனுப்பினால் போட்டோஸ் அதை ஆனியில் கொண்டுபோய் வைக்கும். படம் தொலைந்துவிட்டது என்று வருகிறவர்களில் சிலருக்கு அது தொலையவே இல்லை, வேறு மாதத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆக, உங்களிடம் இருப்பது நகல். ஒரிஜினல் மனைவியின் போனில் இருக்கிறது. அந்தப் போனில் பேக்கப் ஓடுகிறதா என்பதுதான் உங்கள் வீட்டுக்கு முதல் கேள்வி. அங்கே ஓட வைத்துவிட்டு, அவர் போட்டோஸிலேயே ஒரு ஷேர்டு ஆல்பம் தொடங்கி உங்களைச் சேர்க்கட்டும். படம் சுருங்காமல் தெரியும், உங்கள் கணக்கில் இடமும் பிடிக்காது, அவர் கணக்கில் மட்டும்தான் கழியும்.

ஃபோல்டர் சரியாக இருந்தும் காணோம் என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று அனுமதி. ஆண்ட்ராய்டு 14 வந்த பிறகு ஒரு ஆப் படங்களைக் கேட்டால் 'எல்லாம்' என்றும் 'தேர்ந்தெடுத்தவை மட்டும்' என்றும் கேட்கும். அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டிருந்தால், அன்று தேர்ந்தெடுத்த நாலு படத்தோடு போட்டோஸின் உலகம் முடிந்துவிடும். ஆப் செட்டிங்ஸில் பெர்மிஷன்ஸ் போய் 'அலவ் ஆல்' ஆக்குங்கள். ஐபோனிலும் 'லிமிடெட் ஆக்சஸ்' என்று இதே வினை உண்டு.

இன்னொன்று அக்கவுன்ட். நம் பக்கத்தில் இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். போன் வாங்கும்போது கடைப்பையன் ஒரு ஜிமெயில் போட்டுக் கொடுத்திருப்பான். பாஸ்வேர்டு அவனுக்கும் ஞாபகம் இருக்காது. பிறகு வேலைக்கு அப்ளை செய்ய, பிஎஃப் பார்க்க என்று நாமே இன்னொன்று தொடங்கியிருப்போம். போனில் இரண்டும் இருக்கும். பேக்கப் ஒன்றில் ஏறிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டரில் நாம் திறப்பது மற்றதை. பேக்கப் பக்கத்தில் எந்த மெயில் ஐடி காட்டுகிறது என்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

இடம். ஒரு கூகுள் கணக்குக்கு இலவசம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1க்கு முன் 'ஹை குவாலிட்டி'யில் ஏற்றிய படங்கள் அந்தக் கணக்கில் வராது. அன்று முதல் ஏற்றுவது எல்லாம் வரும். 2024இல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் சாட் பேக்கப்பும் இதே 15 ஜிபியில் சேர்ந்துகொண்டது. முன்பு அது கணக்கில் இல்லை. ஒன்றுமே மாற்றவில்லையே, திடீரென்று எப்படி நிறைந்தது என்று கேட்பவர்கள் வாட்ஸ்அப்பின் சாட் பேக்கப் பக்கத்தில் 'இன்க்ளூட் வீடியோஸ்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை அணைத்துவிட்டு மறுபடி ஒரு பேக்கப் எடுத்தாலே பலருக்குச் சில ஜிபி திரும்ப வரும்.

நிறைந்தால் நிற்பது படம் மட்டுமல்ல. ஜிமெயிலுக்கு வரும் மெயிலும் திரும்பிப் போய்விடும். வங்கி மெயில், இன்டர்வியூ அழைப்பு எல்லாம் அதில்தான் வருகிறது. அளவுக்கு மேல் போய் 2 வருடம் அப்படியே கிடந்தால், உள்ளே இருப்பதைக் கூகுள் அழிக்கலாம் என்றும் விதி இருக்கிறது. 2 வருடம் தொடவே தொடாத அக்கவுன்ட்டுக்கும் அதே கதி. அம்மா பெயரில் தொடங்கி மறந்துபோன பழைய அக்கவுன்ட் ஏதாவது இருந்தால் ஒருமுறை லாகின் செய்து பார்த்துவிடுங்கள்.

இடத்தைத் தின்பது படம் அல்ல, வீடியோ. ஒரு படம் 3, 4 எம்பி. 4கே என்ற மிகத் துல்லியமான வீடியோ நிமிடத்துக்கு 350 எம்பி வரைகூடப் பிடிக்கும், போனையும் செட்டிங்கையும் பொறுத்துக் கூடும் குறையும். அந்தக் கணக்கில் எருது விடும் விழாவை 4கேயில் முக்கால் மணி நேரம் எடுத்தால் 15 ஜிபியும் காலி. பேக்கப் பக்கத்தில் இருக்கும் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' பெரிய வீடியோ, மங்கலான படம், ஸ்கிரீன்ஷாட் என்று பிரித்துக் காட்டும், வேண்டாததை அங்கே தூக்கலாம். டிராஷையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். இனிமேல் ஏற்றுவதற்கு 'ஸ்டோரேஜ் சேவர்' போதும். படத்தை 16 மெகாபிக்சலுக்கும் வீடியோவை 1080பிக்கும் குறைத்து வைக்கும். குழந்தை படத்தை ஃபிரேம் போட்டு மாட்ட அது தாராளம். கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் வேண்டுமானால் ஒரிஜினல் குவாலிட்டியைப் பற்றிக் கவலைப்படட்டும்.

அடுத்தது போனே ஆப்பைத் தூங்கவைப்பது. முதல் சோதனையில் படம் ஏறிவிட்டது, ஆப்பை மூடியதும் நின்றது என்றால் இதுதான் காரணம். ரெட்மியில் போட்டோஸின் ஆப் இன்ஃபோவுக்குப் போய் 'ஆட்டோஸ்டார்ட்' போடுங்கள், பேட்டரி சேவரில் 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' வையுங்கள். ரியல்மி, ஒப்போவில் 'அலவ் பேக்கிரவுண்ட் ஆக்டிவிட்டி'. சாம்சங்கில் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் போட்டோஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். டேட்டா சேவர் போட்டிருந்தால் அதிலும் போட்டோஸுக்கு விலக்கு கொடுங்கள். போனின் தேதி தப்பாக இருந்தாலும் இணைப்பு கிடைக்காது, ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரி செய்த பிறகும் உடனே ஏறிவிடாது, கணக்குப் போட்டுப் பாருங்கள். டவுன்லோடு எவ்வளவு வேகமாக இருந்தாலும் நமக்கு வேண்டியது அப்லோடு வேகம். அது 2 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 2 மெகாபிட், என்று வைத்துக்கொண்டால் 4 எம்பி படத்துக்கு 16 நொடி (8 மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி). ஆயிரம் படத்துக்கு நாலரை மணி நேரம். பத்து நிமிட 4கே வீடியோ ஒன்றுக்கே கிட்டத்தட்ட நாலு மணி நேரம். நாள் டேட்டா தீர்ந்து 64 கேபிபிஎஸுக்கு இறங்கிவிட்டால் ஒரே ஒரு படத்துக்கு எட்டு நிமிடத்துக்கு மேல். பார்க்கிறவருக்கு ஸ்டக் ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். சில நேரம் பெரிய வீடியோ ஒன்று முன்னால் மாட்டிக்கொள்ளும், தொப்பூர் கணவாயில் ஒரு லாரி நின்றால் பின்னால் வண்டியெல்லாம் வரிசை கட்டுகிற மாதிரி. அப்போது வீடியோவுக்கான மொபைல் டேட்டா ஸ்விட்சை அணைத்துப் படங்களை முதலில் அனுப்பிவிடுங்கள். அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை மாதிரி சிக்னல் வந்து வந்து போகும் இடங்களில் வீடியோவை மொபைல் டேட்டாவில் ஏற்ற முயல்வதே வீண். பாலக்கோடு டவுனில் ஃபைபர் போட்டிருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி சார்ஜில் போட்டு, போட்டோஸைத் திறந்தே வைத்துவிட்டு வாருங்கள். அது முடியாவிட்டால், நாள் டேட்டாவில் மிச்சம் இருப்பது நள்ளிரவில் காலாவதியாகிறது அல்லவா, ராத்திரி பத்திலிருந்து பன்னிரண்டு வரை அதை இதற்குச் செலவழியுங்கள்.

இடையில் யாராவது, "ஆப் டேட்டாவை கிளியர் பண்ணு" என்பார்கள். கேஷை, அதாவது ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருப்பதை, மட்டும் கிளியர் செய்தால் கெடுதல் இல்லை. டேட்டாவை கிளியர் செய்வதற்கு முன் போட்டோஸில் 'லாக்டு ஃபோல்டர்' பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதற்கு பேக்கப்பைத் தனியாகப் போட்டிருக்காவிட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். ஆதார், பத்திர நகல் என்று அதில் வைத்திருப்பவர்கள் நிறைய. அன்இன்ஸ்டால் செய்தாலும் இதேதான்.

போனில் இடம் இல்லை என்றீர்கள். அதற்கு 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' இருக்கிறது. ஏறி முடிந்த படங்களைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும், கிளவுட்டில் இருக்கும். அது வேறு, படத்தைத் தொட்டுப் பிடித்துக் குப்பைத்தொட்டியை அழுத்துவது வேறு. பேக்கப் ஆன படத்தைப் போட்டோஸில் அப்படி அழித்தால் போனிலும் போகும், கிளவுட்டிலும் போகும். கிளவுட்டில்தான் இருக்கிறதே என்று நம்பி அழித்தவர்கள் பலர். அழித்திருந்தால் உடனே டிராஷைத் திறங்கள். பேக்கப் ஆன படம் அதில் 60 நாள் இருக்கும், ஆகாதது 30 நாள். ஐபோனில் ஐகிளவுட் போட்டோஸ் போட்டிருந்தாலும் ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போய்விடும். அங்கே இலவச இடம் 5 ஜிபிதான். லோ பவர் மோடில் ஏறுவதும் நிற்கும்.

எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியது. உங்கள் போன் சொல்வதை நம்ப வேண்டாம். வேறொரு கம்ப்யூட்டரில், ஏற்கெனவே இருக்கும் லாகின் எதையும் எடுத்துக்கொள்ளாத இன்காக்னிடோ விண்டோவில், உங்கள் ஐடியும் பாஸ்வேர்டும் கொடுத்து போட்டோஸ் பக்கத்தைத் திறங்கள். இதில் இரண்டு லாபம். பாஸ்வேர்டு தெரியுமா தெரியாதா என்பது அங்கேயே வெளிச்சமாகிவிடும். தெரியாவிட்டால் பழைய போனில் லாகின் ஆகியிருக்கும்போதே மாற்றிக்கொள்வது சுலபம், ரீசெட்டுக்குப் பிறகு கண்ணீர்தான். மீட்பு நம்பராகக் கொடுத்த சிம் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையும் அப்போதே பாருங்கள். பிறகு மாதத்துக்கு ஒரு படமாகப் போனில் எடுத்துக்கொண்டு, அது அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். கடைசி வாரப் படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தேர்ந்தெடுத்த வீடியோ ஒன்றிரண்டை ஓட்டியும் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் போனிலேயே நேராகச் செருகும் ஓடிஜி பென்டிரைவ் ஒன்று வாங்கி, கேமரா படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டரை அதில் காப்பி செய்துவிட்டுத்தான் நான் போனைக் கொடுக்கச் சொல்வேன். 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏற மறுத்தால் பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்கும். காலியாக இருக்கும்போதே எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொண்டால் ஏறிவிடும். அதன் பிறகு போனில் கூகுள் அக்கவுன்ட்டை ரிமூவ் செய்துவிட்டு, ரீசெட்டை நீங்களே போடுங்கள். அக்கவுன்ட்டை எடுக்காமல் ரீசெட் போட்டால் போன் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கக்கூடும், கடையிலிருந்து உங்களைக் கூப்பிடுவார்கள்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது மூன்றுதான்: ஹாட்ஸ்பாட்டை அன்மீட்டர்டு ஆக்குவது, ரோமிங் ஸ்விட்சைப் போடுவது, மனைவி போனில் பேக்கப் ஓடுகிறதா என்று பார்ப்பது. அப்படியும் 'பேக் அப் நவ்' நகரவில்லை என்றால், அது காட்டும் வரியை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போன் மாடலையும் ஆண்ட்ராய்டு எத்தனை என்பதையும் சேர்த்துக் கீழே போடுங்கள். மெயில் ஐடி தெரியும் இடத்தை மறைத்துவிட்டுப் போடுங்கள்.